நம் உறுப்பினர் அவையில் என்ன செய்கிறார்?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவி, காவேரிப்பாக்கம்)

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் என் வாழ்வில் முதன்முறையாக வாக்களித்தேன். விரலில் மை காயாமல் வீடு திரும்பியபோது அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் வேலை செய்பவர் அவர். என் விரலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இருவது முப்பது வருஷமா நானும் போட்டுக்கினுதான் இருக்கேன். டெல்லிக்குப் போறவரு அங்க இன்னா பண்றாருன்னு ஒரு நாளும் தெரிஞ்சதில்ல. நீ காலேஜுக்குப் போகப் போற. அதை அங்க சொல்லித் தருவாங்களாம்மா?" என்று கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வேதியியலில் அக்கேள்விக்குப் பாடம் இல்லை. ஆனாலும் கேட்டவர் அப்பா ஆயிற்றே! இரண்டாண்டுகளாக ஓய்வு கிடைத்த போதெல்லாம் கல்லூரி நூலகக் கணிப்பொறியில் தேடியும், அரசியல் அறிவியல் துறை ஆசிரியர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். எக்கட்சியையும் தூக்குவதோ தாழ்த்துவதோ என் நோக்கமன்று. ஓர் உறுப்பினரின் வேலையை அளப்பது எப்படி, அளக்கும்போது எங்கே தவறு நேரும் என்பதே கேள்வி. அறிவியல் மாணவர்க்கு இது அந்நியமான கேள்வியும் அன்று.

எது உறுப்பினரின் வேலை?

பாராளுமன்ற உறுப்பினர் என்றதும் நம் ஊர்களில் நினைவுக்கு வருவன பேருந்து நிழற்குடையும் ஹைமாஸ் விளக்கும், அவற்றின்மீது எழுதப்பட்ட பெயரும்தாம். இவை தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து வருபவை. 1993இல் தொடங்கிய இத்திட்டத்தில் இப்போது ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். உறுப்பினர் பரிந்துரை செய்கிறார். மாவட்ட நிர்வாகம் கட்டுகிறது. பயனுள்ள வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அரசமைப்புச் சட்டம் அவரை அங்கே அனுப்பியது நிழற்குடை கட்டுவதற்கு அன்று. சட்டம் செய்யவும், வரவு செலவுக்கு ஒப்புதல் தரவும், மந்திரிசபையைக் கேள்வி கேட்கவும் அனுப்பியது. நிழற்குடையை நாம் கண்ணால் காண்கிறோம். மற்ற மூன்றையும் தேடிப் போய்த்தான் காண வேண்டியிருக்கிறது.

வாக்கைத் தேடிப் போனால்

என் தேடலை நான் வாக்கிலிருந்துதான் தொடங்கினேன். எந்த மசோதாவுக்கு யார் ஆம் என்றார், யார் இல்லை என்றார் என்று ஒரு பட்டியல் இருக்கும், அதைப் பார்த்தால் முடிந்தது என்று நினைத்தேன். அங்கேயே முதல் ஏமாற்றம்.

பாராளுமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. ஆதரிப்போர் ஆம் என்று ஒலி எழுப்புவர், எதிர்ப்போர் இல்லை என்பர். எந்த ஒலி மிகுதி என்று அவைத் தலைவர் கணித்து அறிவித்துவிடுவார். யார் வாயிலிருந்து எந்த ஒலி வந்தது என்பதற்குப் பதிவே கிடையாது. உறுப்பினர் எவரேனும் அம்முடிவை ஏற்காமல் டிவிஷன் கேட்டால்தான் பெயர் வாரியாக வாக்கு எண்ணப்படும். அரசமைப்புத் திருத்த மசோதா என்றால் சிறப்புப் பெரும்பான்மை தேவையாகையால் எண்ணியே ஆகவேண்டும். 2023 செப்டம்பர் 20ஆம் நாள் மகளிர் இட ஒதுக்கீட்டுத் திருத்தம் மக்களவையில் 454க்கு 2 என்று நிறைவேறியதை நாம் இத்தனை துல்லியமாகச் சொல்ல முடிவது அதனால்தான்.

இதற்கு மாறான காட்சி 2020 செப்டம்பர் 20ஆம் நாள் மாநிலங்களவையில் நடந்தது. வேளாண் மசோதாக்களுக்கு டிவிஷன் வேண்டும் என்று எதிர்த்தரப்பினர் கேட்டனர். கேட்டவர்களுள் தமிழகத்தைச் சேர்ந்த திருச்சி சிவாவும் ஒருவர். அமளிக்கு இடையே குரல் வாக்கெடுப்பிலேயே மசோதாக்கள் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டன. 2021 நவம்பரில் அச்சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டதும் குரல் வாக்கெடுப்பில்தான். நாட்டையே உலுக்கிய சட்டம் வந்ததும் போனதும், உறுப்பினர் ஒருவரின் வாக்கும் பெயரோடு பதிவாகாமலே முடிந்தது!

சரி, பெயரோடு பதிவான வாக்கையாவது அந்த உறுப்பினரின் சொந்தக் கருத்து என்று கொள்ளலாமா? அதுவும் இயலாது. 1985ஆம் ஆண்டின் 52ஆவது திருத்தம் அரசமைப்பில் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ பதவி போகலாம். காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி என்று மாறித் திரிந்தவர்களைத் தடுக்க வந்த சட்டம் இது. அந்த நோய்க்கு மருந்து தேவைப்பட்டது உண்மை. ஆனால் மருந்தின் பக்க விளைவாக, உறுப்பினரின் வாக்கைப் பார்த்தால் கட்சியின் முடிவு தெரிகிறதே ஒழிய அவருடைய மனம் தெரிவதில்லை. எங்கள் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் வேடிக்கையாகச் சொன்னார்: "கட்சி என்ன முடிவெடுத்தது என்று தெரிந்தால் போதும், ஐம்பது பேர் வாக்கையும் நீங்களே எழுதிவிடலாம்."

ஒரு வாக்குக்கு மதிப்பே இல்லை என்று இதற்குப் பொருளன்று. 1999 ஏப்ரல் 17ஆம் நாள் வாஜ்பாய் மந்திரிசபை 269க்கு 270 என்று ஒரே வாக்கில் வீழ்ந்தது. ஆனால் அத்தகைய நாள்கள் அபூர்வம். சாதாரண நாள்களில் உறுப்பினரை அறிய வாக்கு போதிய சாட்சியன்று.

பேச்சும் அளவுகோல் ஆகவில்லை

அடுத்துப் பேச்சைப் பார்த்தேன். விவாதத்தில் ஒவ்வொரு கட்சிக்கும் அதன் எண்ணிக்கைக்கு ஏற்ப நேரம் பங்கிடப்படுகிறது. அந்நேரத்தை யாருக்குக் கொடுப்பது என்பதைக் கட்சியே முடிவு செய்கிறது. சிறிய கட்சியின் உறுப்பினருக்குச் சில நிமிடங்கள் கிடைத்தால் அதிகம். அவை கூடும் நாள்களும் சுருங்கிவிட்டன. 1952இல் தொடங்கிய முதல் மக்களவை 677 நாள் கூடியது. 2019 முதல் 2024 வரையிலான பதினேழாவது மக்களவை 274 நாள்தான். பேசவில்லை என்று உறுப்பினரைக் குறை கூறுமுன் பேச எத்தனை நாள் இருந்தது என்றும் கேட்க வேண்டும்.

பூஜ்ய நேரத்தில் தொகுதிக் குறைகளைப் பேசுகிறார்கள். மறுநாள் பத்திரிகையிலும் வருகிறது. ஆனால் அங்கே பேசியதற்கு மந்திரி பதில் சொல்லியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நல்ல பேச்சு மனத்தில் நிற்கும். அரசிடமிருந்து எழுத்தில் ஒரு வரி பதில் வாங்க வேண்டுமானால் பேச்சு போதாது.

கேள்வியின் வலிமை

எனக்குப் பிடிபட்ட இடம் கேள்விதான். மக்களவையில் நாளின் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20. இவற்றுக்கு மந்திரி எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், உறுப்பினர் துணைக் கேள்வியும் கேட்கலாம். நட்சத்திரக் குறியில்லாதவை 230. இவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். பொதுவாகக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு தேவை. நிறையப் பேர் கேள்வி கொடுப்பதால் எது பட்டியலில் ஏறும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. ஆகவே ஒருவர் பெயரில் நட்சத்திரக் கேள்வி குறைவாயிருந்தால் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. குலுக்கலில் பெயர் விழாமலும் இருந்திருக்கலாம்.

ஒரு கேள்வி என்ன செய்யும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. ஆயுள் காப்பீட்டுத் தொழில் 1956இல் தேசியமயமாகி எல்.ஐ.சி. பிறந்தது. மறு ஆண்டே அதன் பணத்தில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய் முந்த்ரா என்னும் வணிகரின் கம்பெனிப் பங்குகளில் போடப்பட்டது. 1957 செப்டம்பரில் ராம் சுபக் சிங் என்ற உறுப்பினர் இதுபற்றி மக்களவையில் கேள்வி கேட்டார். அதோடு விஷயம் அடங்கவில்லை. டிசம்பரில் பெரோஸ் காந்தி ஆதாரங்களோடு பேசினார். ஆளுங்கட்சியில் இருந்துகொண்டே, அதுவும் பிரதமரின் மருமகனாக இருந்துகொண்டே, அவர் கேட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். நீதிபதி சாக்ளா விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நம் மாநிலத்தைச் சேர்ந்த பெருந்தொழில் குடும்பத்தவர், திறமைசாலி என்று பெயர் பெற்றவர். அவரைப் பதவியிலிருந்து இறக்கிய நிகழ்ச்சிக்கு வித்து ஒரு கேள்வி! கேட்டது ஒரு முறை. பிடியை விடாமல் தொடர்ந்ததே அதன் வலிமை.

அதே கேள்வி விலைக்கும் போயிருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்க ஒப்புக்கொண்டதாகப் பிடிபட்டு, 2005 டிசம்பரில் மக்களவையினர் பத்துப் பேரும் மாநிலங்களவையினர் ஒருவரும் நீக்கப்பட்டனர். ஆகவே நூறு கேள்வி கேட்டவர் பத்துக் கேள்வி கேட்டவரைவிட உயர்ந்தவர் என்று எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கேள்வியைப் படித்தாக வேண்டும்.

கேள்வியைத் தாண்டியும் ஒரு வழி உண்டு, தனிநபர் மசோதா. இவ்வகையில் இதுவரை 14 மசோதாக்களே சட்டமாகியுள்ளன. கடைசியாக ஆனது 1970இல். பின்னர் 2015 ஏப்ரல் 24ஆம் நாள் திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர், திருநம்பியர் உரிமை மசோதாவை மாநிலங்களவை ஏற்றது. திரும்பப் பெறும்படி அரசுத் தரப்பில் கேட்டும் அவர் இசையவில்லை. நெடுங்காலத்துக்குப்பின் ஓர் அவையில் நிறைவேறிய தனிநபர் மசோதா அது. அது அப்படியே சட்டமாகவில்லை. 2019இல் அரசு தன் சொந்தச் சட்டத்தை வேறு வடிவில் கொண்டுவந்தது.

பூஜ்யத்தைப் படிக்கும் முறை

பியூரெட்டில் தொடக்க அளவைக் குறிக்காமல் இறுதி அளவை மட்டும் எழுதிக் கொண்டுபோனால் ஆய்வக ஆசிரியர் நோட்டைத் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார். உறுப்பினர் கணக்கிலும் அதே பிழை நேர்கிறது. டெல்லியில் 2005இல் தொடங்கப்பட்ட பி.ஆர்.எஸ். என்னும் ஆய்வு நிறுவனம் ஒவ்வோர் உறுப்பினரின் வருகை, கேள்வி, விவாதம் ஆகியவற்றைத் தொகுத்து வெளியிடுகிறது. மிகவும் பயனுள்ள தொகுப்பு. ஆனால் அதைப் பார்த்துப் பத்திரிகைகள் போடும் "முதல் மாணவன், கடைசி மாணவன்" பட்டியலைப் பார்க்கும்போது தொடக்க அளவை யாரும் குறித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் தொகுதியையே எடுத்துக்கொள்கிறேன். காவேரிப்பாக்கம் அரக்கோணம் பாராளுமன்றத் தொகுதியில் அடங்கியது. 2004இல் இங்கே வென்ற திரு. ஆர். வேலு ரயில்வே இணை அமைச்சரானார். 2009இல் வென்ற திரு. எஸ். ஜெகத்ரட்சகனும் 2013 மார்ச்சில் அவர் கட்சி மந்திரிசபையிலிருந்து விலகும்வரை இணை அமைச்சராக இருந்தார். அமைச்சர் கேள்வி கேட்பதில்லை. பதில் சொல்லும் இடத்தில் இருப்பவர். உறுப்பினர் வருகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்திடுவதும் இல்லை. இந்த விவரம் தெரியாமல் கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ ஒன்பதாண்டுக் காலம் அரக்கோணத்தின் குரலே அவையில் இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம். அந்தப் பூஜ்யம் வேலை செய்யாததன் அடையாளம் அன்று. 2014இல் வென்ற திரு. கோ. அரி அமைச்சராக இருந்ததில்லை. 2019லும் 2024லும் மீண்டும் வென்ற திரு. ஜெகத்ரட்சகனும் இக்காலத்தில் எதிர்க்கட்சி வரிசையில் இருக்கிறார். இவர்கள் பெயரில் வரும் எண்ணையும் முந்தைய பூஜ்யத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அமைச்சராக இருப்பவரை அளக்க அவருடைய துறை என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். அதற்கு வேறு நோட்டு வேண்டும்.

எண்ணில் அடங்காத செயல்களும் உண்டு. அரக்கோணம் தொகுதியில் 1977இல் வென்ற ஓ.வி. அழகேசன், அதற்குப் பன்னிரண்டாண்டுகளுக்கு முன்பு, மத்திய ராஜாங்க மந்திரியாயிருந்தவர். 1965 பிப்ரவரியில் மொழிப் பிரச்சினையில் சி. சுப்பிரமணியமும் அவரும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தனர். பின்னர் இருவரும் பதவியில் தொடர்ந்தார்கள் என்றாலும் அக்கடிதம் டெல்லியை அசைத்தது. எந்தக் கேள்விப் பட்டியலில் இதைச் சேர்ப்பது?

பதிலைப் படிப்பது எப்படி?

நான் ஒரு நோட்டு போட்டேன். நாள், துறை, கேள்வி, பதில், பிறகு என்ன ஆயிற்று என்று ஐந்து பத்திகள். பாராளுமன்றத்தின் இணையதளத்தில் உறுப்பினர் பெயரைக் கொண்டும் துறையைக் கொண்டும் கேள்விகளைத் தேடலாம், காசு கிடையாது. முதல் நான்கு பத்திகளை நிரப்புவது எளிது. ஐந்தாவதுதான் கடினம், ஆனால் வேலையே அதில்தான் இருக்கிறது.

பதில்களைப் படிக்கப் படிக்க அவற்றில் சில இனங்கள் தென்பட்டன. சில பதில்கள் அட்டவணையோடு வரும். மாநில வாரியாக, சில வேளை மாவட்ட வாரியாக. இவை புதையல். மத்திய அரசே கையெழுத்திட்டுத் தந்த எண்கள் ஆதலால் யாரும் பொய் என்று தள்ள முடியாது. இன்னும் சில, "இது மாநில அரசைச் சார்ந்த பொருள்" என்று ஒரு வரியில் கைகழுவும். மூன்றாவது இனம், "தகவல் திரட்டப்பட்டு வருகிறது; அவையில் வைக்கப்படும்" என்பது. நான் முதலில் இதைத் தட்டிக்கழிக்கும் பதில் என்றே நினைத்து நோட்டில் ஒரு கோடு போட்டேன். கோட்டை அழிக்க நேர்ந்தது. ஏனெனில் அவ்வாறு சொன்ன மாத்திரத்தில் அது அரசு அவைக்குத் தந்த உறுதிமொழி ஆகிறது. 1953 முதல் மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இயங்குகிறது. மூன்று மாதத்துக்குள் உறுதிமொழியை நிறைவேற்ற வேண்டும். இல்லையேல் துறை அக்குழுவிடம் காரணம் சொல்லிக் கால நீட்டிப்புப் பெற வேண்டும். நிலுவையில் உள்ளவற்றைக் குழு அறிக்கையாகவும் வெளியிடுகிறது. ஆகவே தட்டிக்கழித்தது போலத் தோன்றும் பதில்தான் பல வேளைகளில் கெட்டியான பிடி. கேட்ட உறுப்பினர் அந்தப் பிடியை விட்டுவிட்டாரா, மூன்று மாதம் கழித்து மறுபடி கேட்டாரா என்று பாருங்கள். அவரைப் பற்றி அது சொல்வதை எந்த எண்ணிக்கையும் சொல்லாது.

ஒரு சிறு வருத்தம். இப்பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கின்றன. தமிழில் பேச உறுப்பினருக்கு அவைத் தலைவர் அனுமதி தரலாம்; அரசமைப்பின் 120ஆவது பிரிவில் அதற்கு இடமுண்டு. ஆனால் எங்கள் தெருவைப் பற்றிய பதிலை எங்கள் தெருவார் படிக்க முடியாது. வாரத்தில் ஒரு நாள் நானே வாசித்துத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். ஷூ கம்பெனி வேலை முடிந்து வரும் அம்மாவும் அவருடைய தோழியர் இருவரும் கேட்பார்கள். முதல் நாள் ஒருவர் தூங்கிவிட்டார். அட்டவணையில் இராணிப்பேட்டை என்ற சொல் வந்த அன்று யாரும் தூங்கவில்லை.

நம் ஊர்க் கேள்வியைக் கேட்பதென்றால்

இதுவரை சொன்னது கேட்கப்பட்ட கேள்விகளைப் படிக்கும் முறை. கேட்கப்பட வேண்டியது ஒன்று நம்மிடம் இருந்தால்?

பாலாற்றை எடுத்துக்கொள்வோம். தோல் பதனிடும் கழிவு பாலாற்றுப் பகுதியின் நிலத்தையும் நீரையும் கெடுத்த கதை நம் மாவட்டத்தார் அனைவரும் அறிந்தது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாததாகிவிட்டது என்ற ஆய்வு முடிவை அத்தீர்ப்பு எடுத்துக் காட்டியது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாடு இந்தியச் சட்டத்தில் நிலைபெற்றதில் நம் பாலாற்று வழக்குக்குப் பெரும் பங்குண்டு. இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச் சென்ற லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு மேடு வேறு கதை. 2015 ஜனவரி 31ஆம் நாள் இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர் உறக்கத்திலேயே மாண்டனர். 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று மாசு குறித்துத் தீர்ப்புச் சொல்லி, பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடும் மேற்பார்வைக்குக் குழுவும் வேண்டும் என்று உத்தரவிட்டது. 2015 பிப்ரவரியில் தொடங்கிய பட்ஜெட் கூட்டத் தொடரின் கேள்விகளில் இராணிப்பேட்டை என்ற சொல்லை யார் யார் எழுப்பினார்கள் என்று தேடிப் பார்க்கும் வேலையை நண்பர்களுக்கே பயிற்சியாக விடுகிறேன்.

"பாலாறு ஏன் கெட்டது?" என்று மொட்டையாகக் கேட்டால் கேள்வி அவைக்கே போகாது. விதிப்படி கேள்வி 150 சொல்லுக்குள் அடங்க வேண்டும். கருத்துக் கேட்கக் கூடாது. நீதிமன்ற விசாரணையில் உள்ளதைக் கேட்கக் கூடாது. முதன்மையாக மத்திய அரசின் பொறுப்பில் இல்லாததைக் கேட்கக் கூடாது. நீர் மாநிலப் பட்டியலில் 17ஆவது இனம். எங்கள் காவேரிப்பாக்கம் ஏரி, பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்ததாகச் சொல்லப்படும் மாபெரும் ஏரி. அதன் கரையும் மதகும் பற்றிய கேள்வி கோட்டையில் உள்ள சட்டமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதை டெல்லியில் கேட்கவில்லை என்று பாராளுமன்ற உறுப்பினரை நொந்து பயனில்லை. ஆனால் அந்த ஏரிக்கு நீர் தரும் பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து வருவது. 1892இல் சென்னை மாகாணமும் மைசூரும் செய்த ஒப்பந்தத்துக்கு உட்பட்டது. மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறு மத்தியப் பட்டியலின் 56ஆவது இனத்தில் வருகிறது. ஆக, பாலாற்றைப் பற்றிக் கேட்க டெல்லியில் கதவு உண்டு. கதவும் ஒன்றன்று. நீர் பரிசோதனை சுற்றுச்சூழல் துறை; நிலத்தடி நீர் ஜல்சக்தி துறை; தோல் ஏற்றுமதி வணிகத் துறை. எக்கதவைத் தட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே பதிலில் எண் வருவதும் கைகழுவல் வருவதும்.

இதைப் படித்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஒரு கேள்வி எழுதினேன், நம் உறுப்பினருக்குக் கடிதத்தோடு அனுப்பலாம் என்று. அப்பாவிடம் வாசித்தேன். மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"கேள்வி கேட்டு ஷாப்பை மூடிட்டாங்கன்னா? நீ படிக்கிற பணம் அங்கேருந்துதாம்மா வருது."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் வீட்டுக் கிணற்று நீரில் பருப்பு வேகாது. குடிக்க வெளியே குடம் பிடிக்கிறோம். அந்தக் குடத்தைத் தூக்குபவரும் அதே ஷாப்புச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார். இரண்டும் ஒரே வீடு. இரண்டு நாள் அவர் அதைப்பற்றிப் பேசவேயில்லை. மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப்பின் தாமாகவே, "அந்தக் காகிதத்தை எடும்மா" என்றார். கடைசிப் பிரிவு அவர் சொல்லி நான் எழுதியது. முழுக் கேள்வியும் இதுதான்:

சுற்றுச்சூழல் துறை அமைச்சர் தெரிவிப்பாரா:

(அ) இராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பாலாற்று நீரையும் நிலத்தடி நீரையும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பரிசோதிக்கும் இடங்கள் எவை;

(ஆ) கடந்த மூன்று ஆண்டுகளில் அவ்விடங்களில் காணப்பட்ட குரோமியம், கரைந்த உப்புகள் ஆகியவற்றின் அளவு, இடவாரியாக, ஆண்டுவாரியாக;

(இ) குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்னும் இந்தியத் தர அளவை மீறிய இடங்களில் எடுக்கப்பட்ட நடவடிக்கை;

(ஈ) இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவை அகற்ற மத்திய அரசு வழங்கிய நிதியும் அதில் செலவான தொகையும், மற்றும்

(உ) தொழிலாளர் ஒருவரும் வேலை இழக்காதவாறு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் செம்மைப்படுத்த மத்திய அரசிடம் உள்ள திட்டம், அதன் நிதி, முடிக்கும் நாள்?

தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக இரு படி எடுத்து, காவேரிப்பாக்கம் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் சேர்த்தோம். ரசீதை அப்பா தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நோட்டில் முதல் மூன்று பத்திகளை எழுதி, நான்காவதையும் ஐந்தாவதையும் காலியாக விட்டிருக்கிறேன்.